புது சுவிட்சுக்கு ஒரு கணக்கு, பழசுக்கு ஒரு கணக்கு

இன்று காலை புக்கிட் தெங்காவில் எங்கள் சர்க்யூட் போர்டு தொழிற்சாலையின் நெட்வொர்க் மொத்தமாகப் படுத்துவிட்டது.

நானும் என்னோடு வேலை செய்யும் தேவி அக்காவும், கம்ப்யூட்டர்களை இணைக்கும் புது நெட்வொர்க் சுவிட்சைப் பழைய சுவிட்சோடு இரண்டு கேபிளால் இணைத்திருந்தோம். ஒன்று போனால் இன்னொன்று உதவும். அதுவரை ஒரு வழியை, சுவிட்சுகளுக்குள் இருக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு அடைத்து வைக்க வேண்டும். அடைக்கவில்லை. தகவல் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் முடக்கியது.

மேனேஜர் ஓடி வந்தார். "பழசை ஆஃப் பண்ணு!" என்று பிளக்கில் கை வைத்தார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "வேணாம் பாஸ்! போர்டுக்கு சால்டர் பண்ற அடுப்பைப் பார்க்கிற கம்ப்யூட்டர் அதுலதான் இன்னும் மூச்சு விடுது. நின்னா உள்ள இருக்கிற போர்டு எல்லாம் கருகிடும் லா!"

நான் உடனே இரண்டு கேபிளில் ஒன்றை உருவினேன். சுவிட்சுகளில் படபடவென்று மின்னிய விளக்குகள் மெல்ல அடங்கின. அடுப்பு தப்பியது.

"எந்த வழியை அடைக்கணும்னு புதுசு நெட்வொர்க்ல ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியா கணக்குப் போடுது, தம்பி. பழசு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கணக்குதான் போடும். அதான் ரெண்டும் ஒத்துப்போகல," என்றார் அக்கா. புதியதையும் ஒரே கணக்குப் போடும் மோடுக்கு மாற்றினோம். கேபிளைத் திரும்பச் சொருகினேன். இந்த முறை எதுவும் முடங்கவில்லை.

சுவிட்சுகள் சமாதானமாகிவிட்டன. மேனேஜரும் அக்காவும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. அவர்களை எந்த மோடில் போடுவது? தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் எழுதுங்கள்.