திருஷ்டிக்கு ஒரு பாஷை

மூன்று மொழி புழங்கும் எல்லையோர மூக்கண்டப்பள்ளியில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். டிபன் கடை மஞ்சுளாக்கா தன் புது கிரைண்டருக்குத் திருஷ்டி சுற்றுகிறார். அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்ததும் தெலுங்குக்குத் தாவிவிட்டார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் கையில் இருப்பது லூவியர்களைப் பற்றிய புத்தகம். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் துருக்கி மண்ணில் வாழ்ந்தவர்கள். அவர்களை ஆண்ட ஹிட்டைட்டுகளின் சடங்குகளில் மந்திரம் மட்டும் லூவிய மொழியில் வருமாம். அதை மஞ்சுளாக்காவிடம் சொல்கிறேன். அந்த மொழி பேச இன்று ஆளே இல்லை என்பதையும் சேர்த்து.

"நீங்க ஏங்க்கா தெலுங்குல சுத்துறீங்க? சாமிக்காகவா?"

"சாமிக்கு எதுல சொன்னாலும் புரியும் சார். கண்ணு வெச்ச எதிர்க்கடைக்காரருக்குப் புரியக் கூடாதில்ல? அவரு கன்னடக்காரரு."

எதிர்க்கடையிலிருந்து உடனே பதில் வருகிறது, சுத்தமான தெலுங்கில். 'என் கடையில் இதைவிடப் பெரிய கிரைண்டர் ஓடுகிறது, உன்னுடையதன் மேல் நான் ஏன் கண் வைக்கிறேன்?' இட்லி தின்றுகொண்டிருந்த கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள்.

மஞ்சுளாக்கா சிரிக்கவில்லை. என் புத்தகத்தையே பார்க்கிறார்.

"அந்தப் பாஷை நெசமாவே யாருக்கும் தெரியாதா சார்?"

"பேசுறவங்க ஒருத்தரும் இல்லக்கா."

"அப்ப அதுல நாலு வார்த்தை சொல்லிக் குடுத்துட்டு பஸ் ஏறுங்க."