மாலை போட்ட படம்

ஆரணியில் ஓவியக் காட்சிக்கூடம் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் ஆரணிக்காரர்களே நம்ப மாட்டார்கள். புடவை எடுக்க வருகிறவர்கள் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. நூலகத்துக்கு மேலே மாடியில் இரண்டு அறை, ஊர்க்காரர்கள் கொடுத்த படங்கள், அவ்வளவுதான். அதில் ஒன்று என் அண்ணன் வரைந்தது. இல்லையென்றால் நானும் புடவைக் கடையோடு திரும்புகிற ஆள்தான்.

அண்ணன் களம்பூரில் அரிசி மூட்டை ஏற்றும் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவன். பெயருக்கு இரண்டு பக்கமும் மயில் வேண்டுமா, தாமரை வேண்டுமா என்று கேட்டு வரைந்து கொடுப்பான். மிச்சப்பட்ட பெயின்டை வைத்து ஒரு பலகையில் அம்மாவின் முகத்தை வரைந்து காட்சிக்கூடத்துக்குக் கொடுத்திருந்தான். வந்து பார் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனுக்கு வாய் வலித்துப்போனது. "லாரில எழுதினா சோறு வரும். என் மூஞ்சிய எழுதிகினு இருந்தா இன்னா வரும்?" என்று கேட்டாள் அவள். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நானாவது அவளை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். வேலூரிலிருந்து வரும்போதெல்லாம் அடுத்த முறை, அடுத்த முறை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள், எழுதிக்கொண்டிருந்த லாரிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகும் அம்மா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான் ஊருக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலேயே வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அந்தப் படத்த பாக்கணும். கூப்ட்டுகினு போ." பஸ்ஸில் பாதி வழியில்தான் மீதியைச் சொன்னாள். "எப்பப் பாரு அவன திட்டிகினேதான் இருந்தேன். அந்தக் கடுகடு மூஞ்சியதான் எழுதி வெச்சிருப்பான். அவன் கண்ணுக்கு நான் எப்பிடித் தெரிஞ்சேன்னு பாக்கணும்டி." நானும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லையே.

மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினாள். முதல் அறையில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவரின் கோபுரங்கள், கோட்டு போட்ட ஒரு பழைய கலெக்டர், பள்ளிப் போட்டியில் பரிசு வாங்கிய மாம்பழத் தட்டு. மாம்பழம் உருளைக்கிழங்கைப் போல இருந்தது. அம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். கலெக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்து அறைக்குப் போக அவளுக்குப் பயம் என்பது எனக்குப் புரிந்தது.

அந்த அறையில் நுழைந்ததும் என் கண்ணில்தான் முதலில் பட்டது. அண்ணனின் படத்துக்குக் கதம்ப மாலை போட்டிருந்தது. படச்சட்டத்தின் கண்ணாடிமேல், அம்மாவின் நெற்றி இருக்கும் இடத்தில், சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. எங்கள் வீடுகளில் ஒருவருடைய படத்துக்குப் பொட்டு வைத்துவிட்டால், அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

"இது யாரு வேல?" என்று கத்தினேன். துடைப்பத்தோடு வந்த காவல்காரப் பெண் அம்மாவைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"நான்தான் மேடம். இந்தப் படத்து வூட்ல சாவுன்னு கீழ பேசிகினாங்க. எழுதினவரப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? படத்துல இருக்கிறவங்கதான் பூட்டாங்கன்னு நெனச்சேன். சொந்தக்காரங்க யாரும் வரலியேன்னு வெள்ளிக்கெழமைல ஒரு முழம் பூ வெச்சிகினு இருந்தேன்."

"உயிரோட இருக்கிற மனுஷிக்கு மாலையா? ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். சொந்தக்காரங்க யாரும் வரலியே என்று அவள் சொன்னதுதான் என்னைச் சுட்டது. வராத சொந்தம் நான்தானே. அந்தக் கோபத்தை அவள்மேல் கொட்டினேன்.

இவ்வளவுக்கும் அம்மா திரும்பவே இல்லை. படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். விழுந்த முன்பல்லின் ஓட்டையைக்கூட விடாமல் வரைந்திருந்தான். எதற்கோ அடக்க முடியாமல் வந்த சிரிப்பு.

"நான் சிரிச்சதக்கூட பாத்து வெச்சிருக்கான்," என்றாள். அவன் போனதிலிருந்து அன்றுதான் அழுதாள். காவல்காரப் பெண்ணும் அழுதாள்.

கொஞ்சம் அடங்கியதும், மாலையைக் கழற்றலாம் என்று நான் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுடி. அவனுக்கு முன்னாடி நான்தான் போயிருக்கணும். இந்த ஒரு எடத்துலயாச்சும் அப்பிடியே இருக்கட்டும்."