தையலுக்கு நூல் இல்லாத காலம்

என் மூத்த மகள் போருக்கு முன்பு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அவள் தலை வெளியே வந்தபோது நான் கிழிந்துபோனேன். மல்லாக்கப் படுக்கவைத்து, "முக்கு, முக்கு" என்று சத்தம் போட்டார்கள். நானும் உயிரைக் கொடுத்து முக்கினேன். பிறகு தையல் போட்டார்கள். பல வாரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. ஒதுங்கப் போகும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். தாயின் உடம்பில் அந்த இடம் என்ன ஆயிற்று என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் சொல்ல வரவில்லை.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தபோது ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்துவிட்டிருந்தான். நாங்கள் காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் டவுனில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். டயர் கிடைக்காமல் சக்கரத்தில் கயிறு சுற்றி ஓட்டிய காலம். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, மண்ணெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் விளக்கு. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, தையல் போட நூல்கூட இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பக்கத்து ஊரான புக்கிட் ரம்பாயில் ஒரு பெண் பிரசவத்தில் கிழிந்து, புண் சீழ் பிடித்து, பிழைத்தாலும் சிறுநீர் அடங்காமல் மூலையில் ஒதுங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாவைவிட அந்த மூலைக்குத்தான் பயந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி குடும்பம். பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்கிறவர்கள், எங்களைப் போலச் சாமி கும்பிடுகிறவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அந்த வீட்டுப் பெண் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தவர். ஜப்பான் சிப்பாய்கள் வந்த பிறகு வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் பேச்சு மலாயில்தான் நடக்கும். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

துணி துவைக்கும் இடத்தில் ஒரு நாள் அழுதுவிட்டேன். அக்கா சோப்பு நுரையைக் கையிலிருந்து வழித்துவிட்டு, "எங்கே கிழிந்தது? எதுவரைக்கும்?" என்று கேட்டார். அப்படி நேராகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சொன்னேன்.

"தழும்பு இறுகிப்போயிருக்கும். அதை இளக்கலாம். கிழியவே கிழியாது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் குறைக்கலாம்."

அக்கா வழி சொல்லிக்கொடுத்தார். கடைசி மாதத்தில், குளித்த பிறகு, வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் அங்கே வைக்க வேண்டும். பிறகு சுத்தமான கட்டைவிரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு, பிள்ளை வரும் வாசலின் உள்ளே விரலைக் கொஞ்சம் விட்டு, கீழ்ப்பக்கமும் இரு ஓரமும் மெதுவாக அழுத்தி இழுத்துப் பிடிக்க வேண்டும். எரிச்சல் வரும். அப்போது உடம்பை இறுக்காமல் மூச்சை நீளமாக விட வேண்டும். "அந்த எரிச்சல் உனக்குப் பழகணும். தலை வரும்போதும் அதே எரிச்சல்தான். ரத்தம் கண்டாலோ பனிக்குடம் உடைந்தாலோ தொடாதே."

வீட்டில் செய்து பார்த்தேன். வயிறு குறுக்கே நின்றது, கை எட்டவில்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"உன் புருஷனுக்குக் கை இல்லையா?" என்றார்.

அன்று முழுக்க எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும், முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

"என்னம்மா பேசுற? இதெல்லாம் பொம்பளைங்க வேலை. நான் எப்படி..." என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"மூத்தவ பிறந்தப்ப நான் பட்டது உங்களுக்குத் தெரியாதுங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கேன்."

வாசலில் நின்றவர் திரும்பவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க கேக்கலையே."

சில நாள் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கிணற்றடியில் வெகுநேரமாக உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து, நகக்கண்ணில் ஏறியிருந்த சைக்கிள் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். உள்ளே வந்து, "எண்ணெய் எங்க?" என்றார்.

அன்று விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயில்தான் கொஞ்சம் எடுத்தோம். என்னைவிட அவர்தான் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்க மூச்சு விடுங்க முதல்ல," என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருஷத்தில் நாங்கள் அப்படிச் சிரித்ததே இல்லை. பிறகு எரிச்சல் வந்தது. முதல் பிரசவம் ஞாபகம் வந்து உடம்பு தானாக இறுகியது. அவர் உடனே நிறுத்தி, "வலிக்குதா?" என்று கேட்டார். நான் மூச்சை விட்டு, "இப்ப செய்யுங்க," என்றதும்தான் தொடர்ந்தார். போகப் போக எரிச்சல் பழகியது. பயமும் கொஞ்சம் இளகியது. எது முதலில் இளகியது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது.

வலி ஒரு காலையில் எடுத்தது. அக்கா அரிசி வாங்க வரிசைக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் ஓடிப்போய் அழைத்து வந்தார். அக்கா என்னைப் படுக்கவிடவில்லை. முழங்காலில் நிற்கவைத்து, சாய்வதற்கு அரிசி மூட்டைகூட இல்லாததால் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் சாய்ந்துகொள்ளச் சொன்னார். வெந்நீர்த் துணியைப் பின்னால் ஒற்றிக்கொண்டே இருந்தார். அந்தச் சூடு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது.

தலை வந்து நின்றது. முக்க வேண்டும் என்று உடம்பு கத்தியது.

"ஜாஙான் தெரான்! முக்காதே. ஊது, வாயால் ஊது. பெலான், பெலான், மெதுவாக."

ஊதினேன். அதே எரிச்சல், பல மடங்கு. ஆனால் தெரிந்த எரிச்சல். மெதுவாக, மிக மெதுவாக, தலை தானே நழுவி வந்தது. ஆண் பிள்ளை. அக்கா விளக்கைக் கிட்டே பிடித்து என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் சிராய்த்திருக்கிறது. தையல் வேண்டாம்."

பிள்ளையைக்கூடப் பார்க்காமல் அதைக் கேட்டுத்தான் நான் முதலில் அழுதேன்.

உப்புத் தண்ணீரில் கழுவி, காலைச் சேர்த்து வைத்துப் படுத்திருந்தேன். சீக்கிரமே நேராக உட்கார்ந்து பால் கொடுத்தேன். எண்ணெயால்தான் இப்படி ஆனதா, இரண்டாவது பிள்ளை என்பதாலா, அக்காவின் கையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அக்காவும் அப்படித்தான் சொன்னார்.

ஜப்பான்காரன் போன பிறகு நாங்கள் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குக் குடிமாறினோம். அங்கே குழாயடியில், வயிற்றோடு வரும் பெண்களிடம் இதைச் சொல்வேன். சிலர் சிரித்தபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு தனியாக, ஆள் இல்லாத நேரம் பார்த்து, என் வாசலில் வந்து நிற்பார்கள். எண்ணெயைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்பதில்லை.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட எப்படிங்கக்கா சொன்னீங்க?" என்றுதான் கேட்பார்கள்.