நேராக வைத்த எஃகுத் துண்டு

மகள் கப்பல் கட்டுகிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மகளோ கப்பல் தளத்துச் சோதனைக்கூடத்தில் விரல் நீள எஃகுத் துண்டுகளைக் குளிர்த்தொட்டியில் ஊறவைத்து, ஊசல் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி உடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள் என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

வேலை நிரந்தரமாகும் வாரம் அது. கப்பலின் அடிப்பக்கத்துக்கு வந்த தகடுகள் குளிர்க்கடலைத் தாங்குமா என்று அவள் சொல்ல வேண்டும். துண்டு லேசில் உடையாமல் மல்லுக்கட்டியது. தகடு தேறியது என்று எழுதிக் கொடுத்தாள். மேலாளர் முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தத் தெம்பில், யாரும் கேட்காமலே தகட்டின் ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தாள். எஃகின் படிக மணிகள் பொடிப்பொடியாக இருந்தால் விரிசல் ஒவ்வொரு மணியின் எல்லையிலும் முட்டிக்கொள்ளும். இங்கே மணிகள் தடித்துக் கிடந்தன, விரிசலுக்கு ராஜபாட்டை. குளிரில் இது கண்ணாடியாக உடைந்திருக்க வேண்டுமே?

தொட்டியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து, வழக்கம்போல் துடைத்து, உடைவதற்காக அதில் போட்டிருந்த வெட்டுக்கீற்றைச் சுத்தியலுக்கு நேர் நடுவில் நிறுத்தி, குனிந்து இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்தாள். எஃகின் மேல் பூத்திருந்த உறைபனி நீர்த்துளியாகியிருந்தது. பரீட்சையில் தலைப்புக்கெல்லாம் அடிக்கோடு போட்டே கடைசிக் கேள்வியைக் கோட்டைவிட்ட மகராசி, இங்கேயும் அதைத்தான் செய்திருந்தாள்.

அடுத்த துண்டை எடுத்த கையோடு வைத்துச் சுத்தியலை விட்டாள். டக்கென்று உடைந்தது. உடைந்த முகம் சர்க்கரையாக மின்னியது.

தகடுகள் வெட்டும் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தன. மேலாளரிடம் ஓடினாள்.

"சார், அந்தத் தகட்ட வெட்ட வேண்டாம்."

"நீதானேம்மா தேறிடுச்சுன்ன?"

"குளிர் போறதுக்குள்ள உடைக்கணும் சார். நான் நேரா இருக்கான்னு அழகு பாத்துட்டு நின்னுட்டேன்."

அவர் தொலைபேசியை எடுத்து வெட்டுவதை நிறுத்தச் சொன்னார். அவளுடைய நிரந்தரத்தையும் அதே மூச்சில் அடுத்த வருஷத்துக்குத் தள்ளினார்.

சாயங்காலம், நிரந்தரம் தள்ளிப்போனதை அதற்குள் கேள்விப்பட்டிருந்த அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"ஏண்டி, வேலைய ஒழுங்கா செய்யலியா?"

"ரொம்ப ஒழுங்கா செஞ்சிட்டேன்மா."

"அப்படின்னா இழுத்து இழுத்து செஞ்சிருப்ப."

எஃகைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காதவளுக்கு மகளைப் பற்றித் தெரியாதா? மகள் செருப்பைக் கழற்றினாள். ஒன்றோடொன்று நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.