கிழித்த பிள்ளையார் சுழி

இன்று அம்பாசமுத்திரத்தில் விஜயஸ்ரீ டீச்சரைச் சந்தித்தேன், இன்னும் மனசு ஆறவில்லை!

1996-இல் நடந்ததை இன்றுதான் சொன்னார். பாடம் நடத்தும் விதம் பிள்ளைகளின் வீட்டுப் பழக்கத்தோடு ஒட்டுகிறதா என்று, பேர் போடாமல் எழுதச் சொன்னார் டீச்சர். எல்லாச் சீட்டின் உச்சியிலும் பிள்ளையார் சுழி. ஒன்றில் மட்டும் முஸ்லிம்கள் தலைப்பில் எழுதும் 786. அந்த வகுப்பில் முஸ்லிம் பிள்ளை முஃபீதா ஒருத்திதான். "பெரிய சார் எங்க நோன்பக் கேலி பண்ணுதாரு" என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பெரிய சார், தலைமையாசிரியரே வந்துவிட்டார். "பேருதான் இல்லையே, கொண்டாங்க டீச்சர்!"

786-ஐ மட்டும் கிழித்தால் யார் சீட்டு என்று தெரிந்துவிடும். எல்லாச் சீட்டின் தலையையும் சேர்த்துக் கிழித்தார் டீச்சர். 786 துண்டு மட்டும் கைக்குள்.

"பிள்ளையாரையா கிழிச்சிய? கிறுக்கா பிடிச்சிருக்கு?"

காரணம் சொன்னால் முஃபீதா மாட்டுவாள். மெமோவை வாங்கிக்கொண்டார்.

தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற பிறகும் ஊர் விஜயஸ்ரீ டீச்சரைச் 'சாமியைக் கிழிச்ச டீச்சர்' என்றே சொல்கிறது. அப்படிச் சொல்பவர்களிடம் இதைக் காட்டுங்கள்!