ஊர்க்கையும் பெங்களூர்க்கையும்

தினமும் காலையில், காபிக்கு முன்னால், வாசற்படியில் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்து என் மனைவி பரிமளாவின் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் எதிர்வீடு சாரதம்மாவுடையது. பால் வாங்கப் போகும்போது அவர் நின்று, “ஏன் சார், இன்னூ ஹொசா மதுவெனா?” என்று சிரிப்பார். வழுக்கை விழுந்தவனைப் புதுமாப்பிள்ளை என்று ஒருவர் கேலி செய்வதே பெரிய கௌரவம், நான் மறுப்பதில்லை. சொந்த ஊரான ஆம்பூரில் வாசலில் உட்கார்ந்து பெண்டாட்டி கையைப் பிடித்திருந்தால் தெருவே கூடிப் பஞ்சாயத்து வைத்திருக்கும்.

“இருக்கா?” என்பாள் பரிமளா.

“இருக்கு” என்பேன். அதன் பிறகுதான் காபி.

பெங்களூருக்கு வந்து சில ஆண்டுகள் கழித்து அவளுக்குத் துணி உலர்த்தும்போது இடது கை சோர்ந்துபோக ஆரம்பித்தது. தலை சுற்றியது. பக்கத்து கிளினிக்கில் வலது கையில் பட்டையைக் கட்டிப் பம்ப் அடித்துவிட்டு, “எல்லாம் நார்மல்” என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். பொங்கலுக்கு ஆம்பூர் போனபோது என் மாமியார் வைத்தியரிடம் அழைத்துப் போனார். நாடி பார்ப்பதில் ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வைத்தியர் இடது கையைப் பிடித்தார். கண்ணை மூடினார். விரலை மாற்றிமாற்றி வைத்தும் நாடி அகப்படவில்லை. பிறகு வியர்த்த முகத்தோடு என்னைத் தனியே கூப்பிட்டார்: “தம்பி, கார் வச்சு வூட்டுக்குக் கூட்டிம்போயிடு. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடு.” மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழ, உள்ளேயிருந்து பரிமளா, “அம்மா, பசிக்குது, போலாமா?” என்று குரல் கொடுத்தாள்.

பெங்களூரில் அவளுக்கு ஒன்றுமில்லை. ஆம்பூரில் அவளே இல்லை. இரண்டு ஊரும் ஆளுக்கொரு கையோடு நிறுத்திக்கொண்டன.

இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தவர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான். பெங்களூரிலேயே லிங்கராஜபுரத்துத் தமிழர். வியாதிக்கு ஜப்பானியப் பெயர் ஒன்று சொன்னார். நம் ரத்தத்தில் டி செல் என்று ஒருவகைச் சிப்பாய்கள் உண்டாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பியில் அவற்றுக்குப் பயிற்சி. சொந்த உடம்பையே எதிரியாக நினைப்பவற்றை அங்கேயே ஒழித்துவிடுவார்கள். சில தப்பித்து வெளியே வந்துவிடும். பரிமளாவின் உடம்பில் அவை பெரிய ரத்தக்குழாய்களின் சுவருக்குள் புகுந்து, மற்ற செல்களையும் கூவி அழைத்து அழற்சியை மூட்டிவிட்டன. சுவர் தடித்து, உள்ளே வழி குறுகி, இடது கைக்குப் போகும் குழாய் ஏறக்குறைய அடைத்துவிட்டது.

“ரத்தக்குழாய் என்ன தப்பு பண்ணிச்சு டாக்டர்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் பண்ணல சார். அது பாட்டுக்கு அங்க இருந்துச்சு. ஏன் ஆரம்பிக்குதுன்னு யாருக்கும் சரியா தெரியல.”

எதற்கெடுத்தாலும் உவமை தேடுவது என் வியாதி. அதற்கு மருந்து இல்லை. தொண்ணூற்றொன்றின் கடைசியில் காவிரிக்காக நகரம் பற்றி எரிந்தது. நாங்களும் எங்கள் பாட்டுக்கு இங்கேதான் இருந்தோம். தெருவுக்குள் வந்த கும்பலை வழிமறித்தவர் சாரதம்மா. எங்கள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்தபடி, “இவ்ரு நம்மோரு, ஹோகி” என்றார். போய்விட்டார்கள். உள்ளே கட்டிலுக்கடியில் வீரத்தோடு படுத்திருந்த எனக்கு ‘நம்மோரு’, நம்மவர், என்ற அந்த ஒரு சொல் கேட்டது. பரிமளாவின் ரத்தக்குழாய் வாசலில் அப்படி உட்கார்ந்து சொல்ல யாருமில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையில் அவள் முகம் பூசணிக்காய்போல் உப்பியது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது சொந்தக்காரர்கள் அவளைச் சுற்றி நின்று, “பெங்களூர் தண்ணி நல்லா ஒத்துக்கிச்சு போல!” என்று மகிழ்ந்தார்கள். “ஆமா, வேளாவேளைக்கு மாத்திர மாத்திரயா சாப்பாடு” என்றாள். சிரித்தார்கள். அன்றுதான் கைகளுக்குப் பெயர் வைத்தாள். செத்துப்போனது ஊர்க்கை, பிழைத்திருப்பது பெங்களூர்க்கை.

சில வாரங்களாகப் பெங்களூர்க்கையிலும் துடிப்பு மெலிந்து வருகிறது. விரலை அழுத்தித் தேட வேண்டியிருக்கிறது. டாக்டரம்மா இன்னும் கடுமையான மருந்தைத் தொடங்கச் சொல்லிவிட்டார். அது சிப்பாய்களை அடக்கும். கெட்டவனை விரட்டும் நல்ல சிப்பாய்களையும் சேர்த்து அடக்கும். அப்புறம் கூட்டம், கல்யாணம், பஸ் பயணம் எதுவும் கூடாது. சாதாரண சளிக்காய்ச்சல்கூட ஆளைக் கொண்டுபோய்விடலாம். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். “பாப்போம் சார்” என்றார்.

“அதுக்கு முன்னால ஒருவாட்டி அம்மாவப் பாத்துட்டு வந்துடலாம்” என்றாள் பரிமளா. கிளம்பினோம்.

அத்திபெலே சோதனைச் சாவடியில் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ் நின்றது. முன்பக்கம் ஓசூர், பின்பக்கம் எங்கள் இத்தனை வருடங்கள். வழக்கம்போல் அவள் வலது கையைப் பிடித்திருந்தேன். மெல்ல உருவிக்கொண்டாள்.

“அது பெங்களூர்க்கைங்க. நம்ம ஊரு வந்துடுச்சு, இதப் புடிங்க” என்று இடது கையை என் மடியில் வைத்தாள்.

மணிக்கட்டு குளிர்ந்திருந்தது. விரல் வைத்தேன். பஸ் நகர்ந்து எல்லையைத் தாண்டியது.

“இருக்கா?” என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

“இருக்கு” என்றேன்.