எதிரணி வராத பொங்கல் மெட்ச்

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோயிலில் எல்லாரும் கண்ணை மூடி நல்ல புத்தி கேட்கும்போது நான் பொங்கல் கப்பைக் கேட்பேன். சாமிக்கு உதைபந்தாட்டத்தில் ஈடுபாடு இல்லையோ என்னவோ, கப் ஒவ்வொரு வருசமும் பணியக்கணக்குக்கே போனது.

நமுனுகுல மலைச்சரிவில், பசறை பஸ் வந்து திரும்பும் இடத்துக்கும் மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பிரிவுகளைக் கணக்கு என்பார்கள். நாங்கள் மேல்கணக்கு. பணிய, அதாவது கீழே, இருந்தவர்கள் பணியக்கணக்கு. இரண்டு கணக்குக்கும் ஒரே கோயில், ஒரே கொழுந்து லொறி. பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூட எங்களுக்குள்தான். பொங்கலுக்கு மறுநாள் மட்டும் பரம விரோதிகள். அம்மாவின் அக்காவான என் பெரியம்மாவைப் பணியக்கணக்கில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவருடைய மகன், எனக்கு அண்ணன், அவர்கள் அணியில் கோல் அடிக்கிறவன். எங்கள் கோல்கீப்பர் என் மாமா, அம்மாவின் தம்பி. மருமகன் ஒரு பக்கம் அடிப்பான், மாமா மறு பக்கம் பாய்வார். வருசா வருசம் இதே கூத்து. மாமா வாங்கித் தரும் பிஸ்கட்டையும் தின்றுகொண்டு அவர்மேல் கோபமாகவும் இருப்பேன்.

எங்கள் கழகத்துக்கு அப்பா தலைவர். அது பெயருக்குத்தான். முடிவு செய்கிறவர்கள் ஆதரவாளர்கள். மெட்ச் அன்று தட்டிச் சத்தம் போட வீட்டுக்கு ஒரு தகரம் இருக்கும். கழகக் கூட்டத்துக்கும் அதே தகரத்தோடுதான் வருவார்கள். சம்மதம் என்றால் தட்டுவார்கள், வேண்டாம் என்றால் சத்தமில்லாமல் தரையில் கவிழ்த்துவிடுவார்கள். ஒருமுறை அப்பா தன் சொந்தத் தம்பியை அணியில் சேர்க்கப் பார்த்தார். கூட்டம் முழுக்கத் தகரம் கவிழ்ந்தது. சித்தப்பா அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அந்த வருசம் ஐப்பசி மழையில் மலை இறங்கியது. பணியக்கணக்கு லயத்தில் வரிசையாக இருந்த அத்தனை வீடுகளையும் மண் மூடிவிட்டது. பெரியம்மாவின் உடலை எடுத்தார்கள். அண்ணன் கடைசிவரை கிடைக்கவில்லை. தப்பிய சிலர் ஹல்துமுல்லைப் பக்கம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டார்கள். நான் நிறைய அழுதேன். ஆனால் கப் ஆசை அந்த அழுகையில் கரைந்து போய்விடவில்லை.

பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கழகக் கூட்டம். எங்கள் வீட்டுத் தகரம் என் மடியில் இருந்தது. அப்பா எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அவுங்க பக்கம் டீம் இல்ல. சட்டப்படி கப்பு நமக்குத்தான். எடுத்துக்குவமா?"

நான் ஓங்கித் தட்டினேன். வேறு ஒரு தகரமும் தட்டவில்லை. சுற்றிப் பார்த்தால் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. அம்மா என் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து மாமா எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"மெட்ச் நடக்கட்டும். நாம எறங்கி நிப்பம். அவுங்க வாறது அவுங்க இஷ்டம்."

களமே அதிர்ந்தது. சும்மா வாங்குவதைவிட ஆடி ஜெயிப்பதுதான் கௌரவம் என்று நானும் சேர்ந்து தட்டினேன். பிறகு எல்லாரும் நிறுத்திவிட்டு, சேலை வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அப்போதுதான் ஆளில்லாத பணியக்கணக்குப் பக்கமிருந்து தகரச் சத்தம் கேட்டது. எதிரொலி எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எதிரொலி உடனே வந்துவிடும், இப்படிப் பொறுத்திருந்து வராது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

மெட்ச் அன்று பின்னேரம் பனி இறங்கிவிட்டது. மைதானம் இரண்டு கணக்குக்கும் நடுவில், மலையோடு சரிந்து கிடக்கும். மேல்பக்கத்துக் கோலிலிருந்து பார்த்தால் நடுக்கோடு வரைதான் தெரிந்தது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. பசறையில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை நானா என்போம். அவர்தான் வருசா வருசம் கப் கொடுப்பவர், விசில் ஊதுபவரும் அவரே. இரண்டு பக்கத்துக்கும் கடன் கொடுத்தவர் என்பதால் நடுநிலை தவறமாட்டார் என்று நம்பிக்கை. அவர் நடுக்கோட்டில் நின்று பனியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பணியக்கணக்கு! பூவா, தலையா?"

கொஞ்ச நேரம் காத்திருந்தார். நாணயத்தைச் சுண்டிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"மேல்கணக்குக்கு மேல்பக்கம்" என்றார்.

விசில் ஊதினார். எங்கள் ஆள் ஒருவர் பந்தைப் பனிக்குள் உதைத்தார். யாரும் பின்னால் ஓடவில்லை. பதினொரு பேரும் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். பந்து சரிவில் உருளும் சத்தம் குறைந்துகொண்டே போய் நின்றது. "ஓடுங்களேன்!" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. தேயிலைச் செடிகளில் நீர் சொட்டுவது கேட்டது.

பிறகு பந்து திரும்பி வந்தது.

பனிக்குள்ளிருந்து தரையோடு தரையாக, அவசரமே இல்லாமல் மேலே ஏறி வந்தது. போகும்போது வெள்ளையாக இருந்த பந்து இப்போது சிவப்பு மண் அப்பிக் கிடந்தது. பெரியவளான பிறகு அந்த மைதானத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். கீழேயிருந்து ஒருவர் நல்ல பலத்தோடு உதைத்தாலொழியப் பந்து அந்த மேடு ஏறாது. எங்கள் ஆட்கள் எல்லாரும் எங்கள் கண் முன்னால்தான் நின்றார்கள். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கிருந்த கவலையெல்லாம் பந்து எங்கள் கோலுக்கு வருகிறதே என்பதுதான்.

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகி வழி விட்டார்கள். "மாமா, புடிங்க!" என்று கதறினேன். குனிந்தால் போதும், ஒரு குழந்தைகூட எடுத்துவிடும். மாமா இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அவர் காலை உரசிக்கொண்டு கோட்டைத் தாண்டியது.

நானா விசில் ஊதிக் கையைத் தூக்கினார். விசில் பாதியில் உடைந்துபோனது. அடுத்த நொடி மேல்கணக்கின் தகரமெல்லாம் சேர்ந்து முழங்கின. எங்களுக்கு எதிராக விழுந்த கோலுக்கு எங்கள் ஆட்களே தட்டினார்கள், அழுதுகொண்டே தட்டினார்கள். இவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். நான் தட்டவில்லை.

அதோடு மெட்ச் முடிந்தது என்று நானா சொல்லிவிட்டார். பணியக்கணக்கு சார்பில் கப்பை வாங்க ஆள் இல்லை. அம்மா எழுந்து போய் இரண்டு கையாலும் வாங்கினாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்தப் பனிக்குள் தனியாகப் பணிய இறங்கிப் போனாள். அப்பா கூடப் போகப் பார்த்தார். மாமா தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். அம்மா வெறுங்கையோடு திரும்பி வரும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம். எனக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமா என்னைத் தூக்கிக்கொள்ள வந்தார். நான் தள்ளிவிட்டேன்.

"ஏன் மாமா புடிக்கல? கைக்கிட்டயே வந்துச்சே!"

மாமா என் கையிலிருந்த தகரத்தை வாங்கிக்கொண்டார்.

"அவன் அடிச்சு நான் என்னைக்கும்மா புடிச்சிருக்கேன்?" என்றார்.

தனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது என்பதை மாமா ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த பொங்கலுக்காவது வேறு கோல்கீப்பரைப் போடுங்கள் என்று, வீடு போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அப்பாவிடம் சொன்னேன்.